கத்தரிக்காய் மாதம்

குளியலறைக் குழாய் செய்யும் அந்தக் கம்பெனியில் எண்ணூறு பேர் வேலை பார்த்தார்கள். எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத எண்ணூறு பேர். சம்பள உயர்வு கேட்கக்கூட ஒன்றாக நிற்காதவர்கள், செவ்வாய்க்கிழமை கேன்டீனில் போடும் கத்தரிக்காய் வறுவலுக்கு மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல வரிசையில் நிற்பார்கள். திங்கட்கிழமை காய்ச்சல் என்று படுத்தவன் செவ்வாய்க்கிழமை எழுந்து வந்துவிடுவான் என்று வாசல் காவலாளி சொல்வதுண்டு.

அந்த வறுவலுக்குச் சொந்தக்காரர் மாஸ்டர். தலைமைச் சமையல்காரர். அளவாகத் தொப்பை, அளவாக மீசை, அளவில்லாத பெருமை. ஆனால் இருபத்திரண்டு வருடத்தில் அந்த வறுவலை ஒரு துண்டுகூட அவர் வாயில் வைத்ததில்லை. ஆசை இல்லாமல் இல்லை, உடம்புக்கு ஆகாது. கத்தரிக்காய் நாக்கில் பட்டால் போதும், வாயெல்லாம் அரிக்கும், உதடு தடிக்கும், கண் இமை உப்பிக்கொண்டு உலகமே பாதியாகத் தெரியும்.

இது கேன்டீனில் ஒரே ஒருவருக்குத் தெரியும். பாத்திரம் கழுவும் அக்கா. மாஸ்டரை விட மூன்று வயது இளையவர்தான், ஆனாலும் எல்லோருக்கும் அக்கா என்பதால் மாஸ்டருக்கும் அக்கா. மாஸ்டர் வேலைக்குச் சேர வந்த நாளில், அப்போதிருந்த மேலாளர் சோதனைச் சமையலாக ஒரு சட்டி கத்தரிக்காயைக் கொடுத்து வறுக்கச் சொன்னார். மற்ற எந்தக் காயைக் கொடுத்திருந்தாலும் மாஸ்டர் ஜமாய்த்திருப்பார். கரண்டியை வாய் வரை கொண்டுபோய் இறக்கிவிட்டு விழித்தவரைப் பார்த்து, அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த அக்கா சங்கதியைப் புரிந்துகொண்டார். கழுவும் தொட்டியிலிருந்து அடுப்புக்கு நான்கு எட்டு எடுத்து வைத்தால் போதும். வந்தார், ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார், உப்பு குறைச்சல் என்று காதில் சொல்லிவிட்டுப் போனார். மாஸ்டருக்கு வேலை கிடைத்தது.

அன்றிலிருந்து அதுதான் முறை. அக்கா ருசி பார்த்துவிட்டுத் தொட்டிக்குத் திரும்பிக் கரண்டியால் விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் உப்பு போடவேண்டும். இரண்டு தட்டினால் காரம். மூன்று தட்டினால் இன்னும் வேகவேண்டும். தட்டாமல் குழாயைத் திறந்து விட்டால் இறக்கிவிடலாம். பசிக்கு ஒரு துண்டு எடுத்துக்கொள்கிறார் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். வறுவலைப் பாராட்ட வருகிறவர்களெல்லாம் மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். அக்காவின் கை எப்போதும் ஈரமாக இருந்ததால் அதை யாரும் பிடிக்கவில்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் நலவாழ்வு மேலாளர் என்று ஒரு புதிய பதவியை உண்டாக்கி, அதில் ஒரு அம்மாவைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அவர் எதைப் பற்றிப் பேசினாலும் 'பொலிவு' என்ற சொல் வந்துவிடும். முகப் பொலிவு, மனப் பொலிவு, பணியிடப் பொலிவு. வந்த மூன்றாம் நாளே சமையலறை அவருக்குப் பொலிவு மேடம் என்று பெயர் வைத்துவிட்டது.

பொலிவு மேடம் முதலில் செய்த காரியம், கேன்டீன் வாசலில் ஒரு கருத்துக் கேட்கும் இயந்திரம் வைத்தது. சிரிக்கும் முகம், சும்மா இருக்கும் முகம், அழும் முகம் என்று மூன்று பொத்தான். ஏதாவது ஒன்றை அழுத்தினால்தான் தடுப்புக் கம்பி திறக்கும். இதைச் சாப்பிட்டுவிட்டு வெளியே போகும் வழியில் வைப்பதாகத்தான் திட்டம். அந்தப் பக்கம் பிளக் பாயின்ட் இல்லை. ஆகவே உள்ளே வரும் வழியில் வைத்தார்கள். சாப்பிடுவதற்கு முன்னாலேயே எல்லோரும் சாப்பாட்டைப் பற்றிக் கருத்துச் சொன்னார்கள். அழும் முகத்தை அழுத்தினால் எட்டுக் கேள்வி வரும். பசியோடு நிற்பவன் எட்டுக் கேள்விக்கு எங்கே போவான், சிரிப்பை ஒரு குத்து குத்திவிட்டு உள்ளே ஓடினான். முதல் வாரமே தொண்ணூற்றொன்பது சதவீதம் மகிழ்ச்சி என்று முதலாளிக்கு அறிக்கை போனது.

இரண்டாவது காரியம், கத்தரிக்காய் மாதம். சமையலறை ஆட்கள் ஏழு பேரையும் குளிரூட்டிய அறையில் உட்கார வைத்து, திரையில் நாற்பத்திரண்டு படம் காட்டினார். நார்ச்சத்து இருக்கிறது, கொழுப்பு கிட்டத்தட்ட இல்லை, தோலின் ஊதா நிறத்திலேயே சத்து இருக்கிறது, வறுக்கலாம், சுடலாம், அவிக்கலாம், மசிக்கலாம், அடைக்கலாம். இதெல்லாம் உண்மைதான், யாரும் மறுக்கவில்லை. முப்பதாவது படத்துக்கு மேல் கத்தரிக்காய் மன அழுத்தத்தைக் குறைத்தது, குழு உணர்வை வளர்த்தது, தலைமைப் பண்பை ஊட்டியது. இன்னும் பத்துப் படம் இருந்திருந்தால் குழாய்க்குத் திருகு மரையும் போட்டிருக்கும்.

கடைசிப் படத்தில் மாஸ்டரின் புகைப்படம். மாதம் முழுக்கத் தினமும் கத்தரிக்காய், தினமும் ஒரு புது வகை, அதற்கு முகம் மாஸ்டர். மாதம் நல்லபடியாக முடிந்தால், கட்டிக்கொண்டிருக்கும் புதுக் கட்டடத்தின் பெரிய கேன்டீனுக்கு அவர்தான் தலைமை. மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தப் புதுச் சமையலறையை அவர் ஏற்கெனவே நான்கு தடவை போய்ப் பார்த்திருந்தார். பன்னிரண்டு அடுப்பு, புகை போக்கி, ஜன்னல். இருபத்திரண்டு வருடமாக ஜன்னல் இல்லாத அறையில் வெந்தவருக்கு அந்த ஜன்னல் மேல் ஒரு கண். ஆனால் மேடம் சாவகாசமாக இன்னொன்றையும் சொன்னார். தொடக்க விழாவில் முதலாளிக்கு முன்னால், அன்று வைக்கப்போகும் பத்து வகையையும் முதலில் மாஸ்டரே சாப்பிட்டுக் காட்டவேண்டும். 

அந்த வாரம் முழுக்க அக்கா கத்தரிக்காயாகவே தின்றார். கத்தரிக்காய் சூப், கத்தரிக்காய் அடை, கத்தரிக்காய் ஊறுகாய், மேடம் வற்புறுத்திச் செய்யச் சொன்ன கத்தரிக்காய் கேக். ஒவ்வொன்றையும் ருசி பார்த்துவிட்டுப் போய்த் தட்டினார். கேக்குக்கு எத்தனை தட்டுவது என்று தெரியாமல் நேராக வந்து, இதை மனுஷன் சாப்பிடமாட்டான் என்று சொல்லிவிட்டார். விழாவுக்கு முந்தைய நாள் மதியம், மற்றவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து மாஸ்டர் அவரிடம் யோசனை கேட்டார்.

"உண்மையைச் சொல்லிடுங்க மாஸ்டர். ஆகாதுன்னா ஆகாது. இதுல என்ன வெட்கம்?" என்றார் அக்கா.

மாஸ்டருக்கு வெட்கம்தான். ருசியே பார்க்காமல் பேர் வாங்கினவன் என்று ஊர் சிரிக்காதா, புதுக் கேன்டீன் கை நழுவாதா என்று புலம்பினார். ஒவ்வொரு வகையிலும் நகக்கண் அளவு எடுத்து, மெல்லாமல் விழுங்கிவிட்டால் சமாளித்துவிடலாம் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார்.  அக்கா தன் பையிலிருந்து ஒரு அட்டை மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். மாஸ்டரின் அலர்ஜிக்கென்று அவர் எப்போதும் வைத்திருப்பது.

மறுநாள் மேடை, ஊதா நிறத் துணி, ஊதா நிற பலூன், ஊதா நிறச் சட்டையில் பொலிவு மேடம். முதலாளி நடுவில் உட்கார்ந்திருந்தார். மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்திருந்த மாஸ்டர், முதல் தட்டில் இருந்த வறுவலில் நகக்கண் அளவு எடுத்தார். மேடம் விடவில்லை. கூச்சப்படாதீர்கள் என்று சொல்லி, தன் கையாலேயே பெரிய கரண்டியில் அள்ளி ஊட்டிவிட்டார். முதலாளி கைதட்டினார். எண்ணூறு பேரும் கைதட்டினார்கள். மாஸ்டர் மென்றார், விழுங்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாக, தான் செய்த வறுவல் எவ்வளவு ருசி என்று அவருக்குத் தெரிந்தது. அந்தச் சந்தோஷம் அரை நிமிடம் இருந்தது.

நான்காவது தட்டில் உதடு தடித்தது. ஆறாவது தட்டில் கன்னம் இரண்டும் உப்பிப் பளபளவென்று சிவந்தது. மேடம் ஒலிவாங்கியைப் பிடித்து, மாஸ்டருடைய முகத்தைப் பாருங்கள், கத்தரிக்காயின் பொலிவு இப்போதே தெரிகிறது என்றார். புகைப்படக்காரர் ஓடி வந்து பக்கத்திலிருந்து நான்கு படம் எடுத்தார். மாஸ்டர் எதையோ சொல்ல வாயெடுத்தார், நாக்கு புரளவில்லை. கண்ணீர் வழிந்தது. நெகிழ்ந்துவிட்டார் என்று முதலாளியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் அக்கா ஈரக் கையோடு மேடை ஏறினார். தட்டைப் பிடுங்கிக் கீழே வைத்தார்.

"அவருக்குக் கத்தரிக்காய் ஆகாது. இன்னொரு வாய் போனா மூச்சு நின்னுடும். இத்தனை வருஷமா ருசி பார்த்தது நான்தான். அவரை விடுங்க."

முதலுதவி அறைக்குத் தூக்கிக்கொண்டு போய் ஊசி போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் மாஸ்டருக்குக் கண் திறந்தது, நாக்கும் ஓரளவு புரண்டது. எதிரில் பொலிவு மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். சுவரொட்டி அச்சுக்குப் போய்விட்டது, முதலாளி புதுக் கேன்டீன் உத்தரவைத் தயார் செய்யச் சொல்லிவிட்டார், அந்தப் பெண் மேடையில் உளறியது உண்மையா என்று கேட்டார். உண்மை என்று சொல்லாதே என்று அவருடைய முகம் சொல்லிக்கொண்டிருந்தது.

மாஸ்டருக்குப் புதுச் சமையலறையின் ஜன்னல் ஞாபகம் வந்தது. ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்றார். பிறகு, யாரும் கேட்காமலேயே இன்னொன்றும் சொன்னார்.

"அவங்க பாத்திரம் கழுவறவங்க மேடம். அவங்களுக்குச் சமையலைப் பத்தி என்ன தெரியும்?"

சொல்லி முடித்த பிறகுதான் வாசலில் அக்கா நிற்பதைப் பார்த்தார். கையில் வெந்நீர். அக்கா உள்ளே வந்து தம்ளரைக் கட்டில் ஓரத்தில் வைத்தார். சூடாக இருக்கிறது, ஆற்றிக் குடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே அக்காவை அலுவலகக் கட்டடத்தின் ஐந்தாம் மாடிக்கு, தரை துடைக்க மாற்றிவிட்டார்கள்.

வீட்டில் மனைவி கன்னத்துக்கு ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே நடந்ததையெல்லாம் கேட்டார். மாஸ்டர் பூச்சி வரைக்கும் சொல்லிவிட்டு நிறுத்தினார். மனைவி விடுகிற ஆள் இல்லை. மீதியையும் கறந்துவிட்டு, ஐஸ் துணியை அவர் கையிலேயே கொடுத்து, நீங்களே ஒத்திக்கொள்ளுங்கள் என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாளிலிருந்து மாஸ்டர் தனியாகச் சமைத்தார். தொட்டியில் புதிதாக ஒரு ஆள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கழுவினான். மாஸ்டர் வாசனை பிடித்தார், நிறம் பார்த்தார், ஒரு துண்டை விரலால் நசுக்கிப் பார்த்தார். உப்பை அள்ளும்போது கை தானாக நின்று, தொட்டிப் பக்கம் காது போனது. ஒரு சத்தமும் இல்லை. குருட்டாம்போக்கில் போட்டார்.

வாசல் இயந்திரத்தில் சிரிப்பு தொண்ணூற்றொன்பது சதவீதத்திலேயே நின்றது. மேலாளர்கள் வந்து கையைக் குலுக்கினார்கள். மாஸ்டர் கைப்பக்குவமே தனி, இந்த மாதம் இன்னும் ஒரு படி மேலே என்றார்கள். பொலிவு மேடம் மட்டும் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்து தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார். மாஸ்டருக்கே ஒரு நப்பாசை வந்தது. ஒருவேளை கை பழகிவிட்டதோ, அக்கா இல்லாமலேயே நமக்கு வந்துவிட்டதோ என்று நான்கு நாள் மிதப்பில் திரிந்தார்.

ஐந்தாம் நாள் பின்பக்கம் போனபோது மிச்சம் கொட்டும் பீப்பாயைப் பார்த்தார். வழக்கமாகக் கால் பங்கு இருக்கும். அன்று வழிந்துகொண்டிருந்தது. மேலே, கீழே, நடுவில், எல்லாம் கத்தரிக்காய். ஒரு கடி கடித்துத் துப்பிய துண்டுகள். பீப்பாயைத் தூக்க வந்த ஆளிடம் என்றைக்கிலிருந்து இப்படி என்று கேட்டார். விழாவுக்கு மறுநாளிலிருந்து தினமும் இரண்டு பீப்பாய் போகிறது என்றான் அவன். ஏன் யாரும் என்னிடம் சொல்லவில்லை என்று மாஸ்டர் கேட்டதற்கு, சிரிப்பை அழுத்திவிட்டு வந்தவன் எப்படி முகம் சுளிப்பான் என்று திருப்பிக் கேட்டான். மாஸ்டர் அங்கேயே ஒரு காலி எண்ணெய் டின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அழுகை வந்தது. அது பீப்பாய்க்காக இல்லை, முதலுதவி அறையில் சொன்ன ஒரு வாக்கியத்துக்காக என்று அவருக்கே தெரிந்தது.

மாதக் கடைசியில் நிறைவு விழா. மாஸ்டரின் உப்பிய கன்னம் ஆளுயரச் சுவரொட்டியாகப் பின்னால் தொங்கியது. முதலாளி நியமன உத்தரவைக் கொடுத்துவிட்டு ஒலிவாங்கியை நீட்டினார். மாஸ்டர் இரவெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததை ஒரு மூச்சில் சொன்னார். எனக்குக் கத்தரிக்காய் ஆகாது, விழா அன்றைக்கு எந்தப் பூச்சியும் கடிக்கவில்லை, நான் பொய் சொன்னேன், இருபத்திரண்டு வருடமாக நீங்கள் பாராட்டிய ருசி பாத்திரம் கழுவும் அக்காவுடைய நாக்கு, இந்த மாதம் நீங்கள் துப்பியதுதான் என் சொந்தச் சமையல்.

 முதலாளி எழுந்து நின்று கைதட்டினார்.

"பார்த்தீங்களா, இதுதான் தன்னடக்கம். இவ்வளவு பெரிய ஆள், பேரைத் தூக்கிப் பாத்திரம் கழுவறவங்களுக்குக் கொடுக்கறார்."

எண்ணூறு பேரும் எழுந்து நின்றார்கள். தன்னடக்கம் வளரவும் கத்தரிக்காயே காரணம் என்று பொலிவு மேடம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார், அதற்கும் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் அவர் உத்தரவை முதலாளி கையிலேயே திருப்பி வைத்தார். அக்கா அடுப்படிக்கு வந்தால்தான் நானும் வருவேன், தொட்டிக்கு இல்லை, அடுப்புக்கு என்றார். சுவரொட்டியில் இருப்பவரை விட முடியுமா, அதற்கென்ன, அந்த அம்மாவையும் கூட்டிக்கொள்ளுங்கள் என்று முதலாளி பெருந்தன்மையாகச் சொன்னார்.

மாஸ்டர் ஐந்து மாடியையும் படியிலேயே ஏறினார். அக்கா நீளத் தாழ்வாரத்தின் கடைசியில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாஸ்டருக்கு மூச்சு வாங்கியது. ஈரத் தரையை மிதிக்காமல் ஓரமாக நின்று, மேடையில் சொன்னதைச் சொன்னார், யாரும் நம்பவில்லை என்பதையும் சொன்னார்.

"நான் நம்பறேன்," என்றார் அக்கா.

மாஸ்டருக்குச் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை. முதலுதவி அறையில் தான் சொன்னதை மன்னிக்கச் சொல்லிக் கேட்டார். அதை அக்கா காதில் வாங்காதது மாதிரி துடைப்பானைப் பிழிந்தார். ரொம்ப நேரம் பிழிந்தார். மனதில் இருக்கிறது, இன்னும் போகவில்லை, போகும்போது சொல்கிறேன் என்றார். புதுச் சமையலறைக்கு வரச் சம்மதம், ஆனால் ஒரு நிபந்தனை.

"அங்க கத்தரிக்காய் மட்டும் வேண்டாம் மாஸ்டர். எனக்குக் கத்தரிக்காயே பிடிக்காது."

மாஸ்டர் அவரையே பார்த்தார். இந்த ஒரு மாதத்தில் தின்று அலுத்துவிட்டதா என்று கேட்டார்.

"எப்பவுமே பிடிக்காது. சின்ன வயசுலேர்ந்து. அந்த விதை நாக்குல பட்டாலே குமட்டும். அதனாலதானே வறுவல் அப்படி வந்துச்சு. எனக்கே தொண்டைல இறங்கினா ஊருக்கே இறங்கும்னு, இறங்கற வரைக்கும் உங்களை விடமாட்டேன்."

மாஸ்டர் அப்படியே சுவரோரம் உட்கார்ந்தார். சாப்பிட முடியாத ஒருவரும் சாப்பிடப் பிடிக்காத ஒருவரும் சேர்ந்து எண்ணூறு பேரைக் கத்தரிக்காய்ப் பைத்தியமாக அடித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பைத்தியத்துக்கு அவர் ஒருவர் மட்டும் கை குலுக்கல் வாங்கியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை தவறாமல் இந்த மனுஷி குமட்டலை விழுங்கிக்கொண்டு நின்றதை, நான்கு எட்டுத் தூரத்தில் இருந்தும் அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எல்லாக் காயின் பக்குவமும் தெரிந்தவருக்கு, கேட்கத் தோன்றாமல் போன ஒரு கேள்வி இருந்தது. அதை இப்போது கேட்டார்.

"அப்ப உங்களுக்கு என்ன காய்தான் பிடிக்கும், அக்கா?"

அக்கா துடைப்பானைச் சுவரில் சாய்த்து வைத்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"யோசிச்சுத்தான் சொல்லணும், மாஸ்டர். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை."